ஹாலில் கணினி, சோபாவில் மவுஸ்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீடு செந்தூலில், அடுக்குமாடி. ஹாலில் 55 அங்குல 4கே டிவி, அதன் முதுகில் ஒரு மினி கணினியை மாட்டி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. பழைய படம், தேவாரம், தைப்பூசம் வந்தால் பத்துமலை நேரலை, எல்லாம் அவருக்கு அதில்தான். படங்கள் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன, அதுவும் கணினியிலேயே செருகியிருக்கிறது. கம்பி மவுஸ் சோபா வரை எட்டவில்லை என்று இணையத்தில் 18 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வயர்லெஸ் மவுஸ் ஒன்று வாங்கினேன். அம்பு தத்தித் தத்திப் போகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. கண்ணாடி டீப்பாய் மேல் வைத்தால் நகர்வதே இல்லை. அப்பா கோபித்துக்கொண்டு மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டார். 150 வெள்ளி வரை செலவு செய்யலாம். எதை வாங்கட்டும்?
வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, கடைக்குப் போவது இருக்கட்டும், முதலில் இன்று மாலை ஒரு காரியம் செய்து பாருங்கள். அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து மவுஸை நகர்த்துங்கள். அம்பு ஒழுங்காக ஓடினால் உங்கள் 18 வெள்ளி மவுஸ் மேல் பெரிய குற்றம் இல்லை.

விஷயம் இதுதான். வயர்லெஸ் மவுஸும் அதனோடு வரும் நகக்கண் அளவு ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன. வைஃபையின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது, புளூடூத்தும் அங்கேதான், சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் அதன் இரைச்சலும் அங்கேதான் விழும். இதற்கெல்லாம் மேலாக, யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது கேபிளைச் செருகும் அந்த வாயிலிருந்தும் கேபிளிலிருந்தும் கிளம்பும் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஆக, ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் நீல நிற வாய்க்குப் பக்கத்து வாயில் மவுஸின் ரிசீவரைச் செருகினால், பட்டாசு வெடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்கச் சொல்வது போலத்தான். அதோடு உங்கள் கணினி டிவியின் முதுகில் இருக்கிறது. அப்பாவின் கைக்கும் ரிசீவருக்கும் நடுவே 55 அங்குலத்துக்கு உலோகத் தகடு நிற்கிறது. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் தடை எதுவும் இல்லாத இடத்துக்கான கணக்கு.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் சின்னம்மா வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. இரண்டு மவுஸ் மாற்றியிருந்தார்கள், கடைக்காரர் மூன்றாவதை விற்கத் தயாராக இருந்தார். நான் போய் டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க் கேபிளும் ரிசீவரும் விரல் நுழைய இடமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் மாட்டி, டிவியின் கீழ் விளிம்பில் சோபாவைப் பார்த்த மாதிரி டேப் போட்டு ஒட்டினேன். சின்னம்மா மவுஸைப் பிடித்து, கோலத்தில் இழை போடுவது போல மெதுவாக ஒரு வட்டம் வரைந்தார். அம்பு எங்கேயும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இன்னொரு தரம் வரைந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தேநீர் போட உள்ளே போய்விட்டார். அந்தக் கேபிள் சில வெள்ளிதான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளே இதற்குப் போதும். ஹார்டு டிஸ்கையும் ரிசீவரையும் கணினியின் வேறு வேறு பக்கத்தில் செருக முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது உங்கள் கண்ணாடி டீப்பாய். மவுஸின் வயிற்றில் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது. அது நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, அடியில் இருக்கும் பரப்பின் நுண்ணிய சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அம்பை நகர்த்துகிறது. தெளிவான கண்ணாடியில் ஒப்பிட எதுவுமே இல்லை. கண்ணாடியிலும் ஓடுகிற மவுஸ் இருக்கிறது. லாஜிடெக் நிறுவனம் 2009-இல் டார்க்ஃபீல்ட் என்ற உணரியைக் கொண்டுவந்தது, குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடியில் அது வேலை செய்யும். ஆனால் அது விலை கூடிய மாடல்களில்தான் வரும். உங்களுக்கு அது தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பு ஒன்றை டீப்பாய் மேல் விரித்தால் முடிந்தது.

சரி, இதையெல்லாம் செய்தும் மவுஸ் மக்கர் பண்ணினால் புதிதாக வாங்குங்கள். அப்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை விட்டுவிட்டு அப்பா எப்படி உட்காருகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். முன்னால் குனிந்து டீப்பாய் மேல் கை வைப்பவரா, சோபாவின் கைப்பிடி மேல் மவுஸை உருட்டுபவரா, இல்லை சாய்ந்து படுத்துக்கொண்டு மடியில் வைத்துப் பார்ப்பவரா? அலுவலக மேசைக்கு என்று செய்த மவுஸைச் சாய்ந்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, வயதானவருக்குக் கணினி வரவில்லை என்று வீட்டில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கைப்பிடி மேல் உருட்டுபவர் என்றால் இடம் போதுமா என்று கணக்குப் போடலாம். 1000 டிபிஐ மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்பு 1000 புள்ளி நகரும். 4கே திரையின் அகலம் 3840 புள்ளி. அதாவது ஓரத்திலிருந்து ஓரம் போக ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வேண்டும். சோபாவின் கைப்பிடி பல வீடுகளில் ஒரு சாண்கூட இருக்காது, அதிலும் ரெக்சின் வளைவு வேறு. 1600 வரை மாற்றிக்கொள்ளும் பொத்தான் உள்ள மவுஸ் என்றால் 6 சென்டிமீட்டரில் வேலை முடியும். ஆனால் கை நடுங்குபவருக்கு வேகத்தைக் கூட்டினால் அம்பும் சேர்ந்து நடுங்கும், அதனால் அப்பாவின் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடியில் வைத்துப் பார்ப்பவர் என்றால் என் ஓட்டு டிராக்பாலுக்குத்தான். மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே உள்ள உருண்டையை மட்டும் உருட்டினால் போதும். தலையணை மேல், போர்வை மேல், தொடை மேல், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கண்ணாடிப் பிரச்சினையே வராது. லாஜிடெக்கின் எம்575 கட்டைவிரலால் உருட்டுவது, ஒரே ஒரு ஏஏ பேட்டரி. அது வலது கைக்காரருக்கு மட்டுமே பொருந்தும் வடிவம். அப்பாவுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி இருந்தால் அதை வாங்காதீர்கள், கென்சிங்டன் போன்றவை செய்யும் நடுவில் பெரிய உருண்டை உள்ள வகையைப் பாருங்கள், அது இரண்டு கைக்கும் சரிவரும். பழக மூன்று நான்கு நாள் ஆகும். இன்னொன்று, உருண்டையைத் தாங்கும் மூன்று சின்னப் புள்ளிகளில் தூசியும் கை எண்ணெயும் சேர்ந்து திரியாகத் திரண்டு நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உருண்டையை வெளியே தள்ளி, அந்தப் புள்ளிகளைக் காது குடையும் பஞ்சால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் டிராக்பால் இரண்டே மாதத்தில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்பவர்கள்.

காற்றில் ஆட்டும் ஏர் மவுஸை அப்பாவுக்கு வாங்க வேண்டாம். பெரிய பெரிய படங்களைத் தேர்ந்தெடுக்க அது சரி, ஆனால் பொத்தானை அழுத்தும் அசைவிலேயே அம்பு இடம் மாறிவிடும், வீடியோவை மூடும் சின்னப் பெருக்கல் குறியைப் பிடிக்க முடியாது.

புளூடூத்தா, ரிசீவரா என்றால் ஹால் கணினிக்கு ரிசீவர்தான். கணினியை எழுப்பிய நொடியில் வேலை செய்யும், கோளாறு வந்து, விண்டோஸ் திறக்கும் முன்னே வரும் கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போக வேண்டியிருந்தாலும் கை கொடுக்கும். புளூடூத் மவுஸ் பல கணினிகளில் விண்டோஸ் திறந்த பிறகுதான் உயிர் பெறும், அதன் ஆண்டெனாவையும் உங்களால் டிவிக்கு முன்னால் கொண்டுவர முடியாது. எதை வாங்கினாலும் பெட்டியில் மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலைவரிசை பயன்படுத்தும் பொருளுக்கு நம் நாட்டில் அது கட்டாயம், உள்ளூர் உத்தரவாதமும் கேட்டு வாங்க முடியும். முடிந்தால் ஒரு ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கொண்டு புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போங்கள், இரண்டு மூன்றைக் கையில் பிடித்துப் பார்த்து அவரே சொல்லட்டும்.

அப்புறம், இதற்குக் காசே ஆகாது: விண்டோஸ் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் மவுஸ் பாயிண்டர் என்று இருக்கும், அங்கே அம்பைப் பெரிதாக்கி மஞ்சள் நிறமாக மாற்றுங்கள். டிஸ்ப்ளே பகுதியில் எழுத்தளவை 250 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோங்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அம்பு எங்கே போனது என்று தேடுவதுதான் பாதித் தொல்லை.

கேள்வி: மவுஸை நகர்த்தினால் அம்பு தண்ணீருக்குள் நீந்துகிற மாதிரி பின்னாலேயே வருகிறது. புது மவுஸிலும் அப்படியே. மடிக்கணினியின் திரையில் பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது.
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நீங்களே பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், தாமதம் டிவியில்தான். படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி ஒவ்வொரு காட்சியையும் பிடித்து வைத்து மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். படம் பார்க்கும்போது அது தெரியாது, மவுஸ் பிடித்தால் தெரியும். அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு கேம் மோடைப் போடுங்கள், எல்ஜி டிவியில் அந்த இணைப்பின் வகையை பிசி என்று மாற்றலாம். அதற்குப் பிறகும் அம்பு விட்டு விட்டுப் போனால் திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் உள்ள எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே போனால் நொடிக்கு 30 தடவைதான். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 தேவை. இல்லையென்றால் திரையை 1080-க்கு இறக்கி 60-இல் ஓட விடுங்கள். படம் பார்க்க அது போதும், அம்பும் கைக்குக் கட்டுப்படும்.

கேள்வி: தேடுவதற்கு எழுத வேண்டும் என்றால் மவுஸோடு தனியாக விசைப்பலகையும் வேண்டுமே? பக்கத்து வீட்டிலிருந்து வயர்லெஸ் மவுஸ் வழியாகக் கணினிக்குள் நுழைய முடியும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உண்மையா?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முதல் கேள்விக்கு, விசைப்பலகையும் தொடுபலகையும் ஒன்றாக உள்ளதை வாங்குங்கள். லாஜிடெக் கே400 பிளஸ் அந்த வகை, மடியில் வைக்க எடை குறைவு, ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தனி விசையும் உண்டு. தமிழிலேயே தேட நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முறை தெரிந்திருந்தால் அம்மா என்று ஆங்கில எழுத்தில் தட்டினாலே போதும், வேறு பயிற்சி வேண்டாம்.

இரண்டாவது உண்மைதான். 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்று பெயரிட்டு இதை வெளியிட்டது. பல நிறுவனங்களின் ரிசீவர்கள், மவுஸ் அனுப்பும் தகவலை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாத ரகசியக் குறியீடாக மாற்றுவது) இல்லாமல் ஏற்றுக்கொண்டன. அதனால் ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி இருப்பவர்கூட நீங்கள் தட்டச்சு செய்வது போலவே கணினிக்குக் கட்டளை அனுப்ப முடிந்தது. புளூடூத் மவுஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லாஜிடெக் தன் ரிசீவர்களுக்குத் திருத்த மென்பொருள் கொடுத்தது, 2021-இல் போல்ட் என்ற புது ரிசீவரையும் கொண்டுவந்தது. பழைய யூனிஃபையிங் ரிசீவரோடு போல்ட் மவுஸ் சேராது, வாங்கும்போது கவனியுங்கள். பெயர் தெரியாத மவுஸ் மாட்டிய ஹால் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் மவுஸுக்குள் பேட்டரி பொங்கி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
வாசகர், கெப்போங்

பதில்: வேண்டாம், காப்பாற்றிவிடலாம். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த காரம்தான் காற்றுப் பட்டு அப்படி வெள்ளையாக உறைகிறது. கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுத்துவிடுங்கள். பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டு அந்த உலோக முனையில் வையுங்கள், லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். முனையின் சுருள் அரித்துப் போகாமல் இருந்தால் மவுஸ் ஓடும். இனிமேல் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி போடுங்கள், அது இப்படிக் கசிவது அரிது. ஊருக்குக் கிளம்பும் நாளில் கேஸ் வால்வை மூடும்போதே மவுஸ் பேட்டரியையும் கழற்றி டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போங்கள்.