இடுப்பெலும்பில் கட்டி: அறுவை அவசியமா?

கேள்வி: வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில், என் 19 வயது மகளின் இடுப்பெலும்பில் புற்று அல்லாத கட்டி இருப்பது தெரிந்தது. வலி இல்லை. அறுவை சிகிச்சை அவசியமா?

பதில்: தெளிந்த நீர் நிரம்பிய சாதாரணக் கட்டியாக இருந்து, எலும்பு முறியும் அபாயமும் இல்லையெனில், குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதுமானது. இரத்தம் நிரம்பி எலும்பை உப்பச் செய்யும் கட்டி அப்படியன்று, எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் அறைகளுக்குள் இரத்தம் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பது தெரிந்தாலும், ஒருவகை எலும்புப் புற்றும் அதே தோற்றத்தைக் காட்டக்கூடும் என்பதால், திசுப் பரிசோதனையின்றிச் சிகிச்சையைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டியைச் சுரண்டியெடுத்து எலும்புத் துகள்களால் நிரப்புவது வழக்கம் என்றாலும், இடுப்பில் இரத்தப்போக்கு மிகுதியாகலாம் என்பதால், கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை முன்கூட்டியே அடைப்பதுண்டு. சிலருக்குக் கட்டிக்குள் செலுத்தும் ஊசி மருந்தே அதை ஆறச் செய்துவிடும். மீண்டும் வளரும் வாய்ப்பு இருப்பதால், முதல் 2 ஆண்டுகள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.