காப்பவனை விரும்புவது பிழையா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 32. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கேட்கப்போவது கதைப் புத்தகங்களைப் பற்றியது என்பதால், இதையெல்லாம் ஓர் ஆலோசகருக்கு எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன்.

காதலும் மாயமும் கலந்த மிகுபுனைவு நாவல்களை விடாமல் வாசிப்பவள் நான். என்னோடு சேர்ந்து வாசிக்கும் தோழியரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நாயகிக்கு ஆபத்து என்றால் குறுக்கே பாய்ந்து அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளும் நாயகன் ஒரு வகை. அவள் கையில் வாளைக் கொடுத்து, வீசக் கற்றுத்தந்து, ஒதுங்கி நிற்பவன் இன்னொரு வகை. தோழியர் எல்லோரும் இரண்டாமவன் கட்சி. முதலாமவனை விரும்புவது அடிமைப் புத்தி என்றே ஒருத்தி சொன்னாள். நானும் தலையாட்டி வைத்தேன். ஆனால் தனியே வாசிக்கும்போது என் மனம் முதலாமவனிடமே போகிறது.

என் தந்தை அன்பானவர்தான். வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்று சொல்லி என்னை அனுப்ப மறுத்துவிட்டார். அந்த வருத்தம் ஆறாமல்தான், எதற்கும் தடை சொல்லாத ஒருவரை விரும்பி மணந்தேன். என் கணவர் இன்றுவரை எதையும் வேண்டாம் என்றதில்லை. "உன்னால் முடியும், நீயே முடிவு செய்" என்பார்.

நான்கு மாதங்களுக்கு முன் என் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். கணவரிடம் சொன்னேன். "நீ தைரியசாலி, சமாளித்துவிடுவாய்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு நாவலைத் திறந்தேன். காயம்பட்ட நாயகியைத் தேடிக்கொண்டு நாயகன் பனிப்புயலில் நடந்து வரும் இடம். அருகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதுவிட்டேன். கட்டி ஆபத்தானது அல்ல என்று முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தந்தையின் பிடியிலிருந்து தப்பித்து வந்த நான், அவரைப் போன்ற ஒருவனையே கதைகளில் தேடிக்கொண்டிருக்கிறேனா? கேட்ட சுதந்திரத்தைக் கொடுத்த கணவரிடம் குறை காண்பது நன்றிகெட்டதனமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று ஆண்கள் வருகிறார்கள். ஆனால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பதோ உங்களை மட்டும்.

பனிப்புயலில் நடந்து வந்தவனை முதலில் எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் காட்சியில் அவன் அவளை எங்கும் போகவிடாமல் தடுக்கவில்லை, அவளுக்காக எதையும் முடிவு செய்யவில்லை, வந்தான், அவ்வளவுதான். உங்கள் தந்தை செய்தது வேறு: உங்கள் படிப்பைப் பற்றிய முடிவை உங்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான், அந்தக் காட்சிக்கு அழுததைத் தந்தையின் பிடிக்கு ஏங்கியதாக எடுத்துக்கொண்டு நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த அறையில் நீங்கள் அழுதது, பக்கத்தில் ஒருவர் இல்லையே என்றுதான் என எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் ஆகியோரின் வழியில் வந்த உளவியல், நெருங்கிய உறவு ஒன்றுக்கு இரண்டு பணிகள் உண்டு என்கிறது: அஞ்சும்போது ஓடி வந்து ஒண்டிக்கொள்ளும் புகலிடமாக இருப்பது, அச்சம் தணிந்தபின் துணிந்து புறப்படுவதற்கான தளமாக இருப்பது. வயது வந்தோரின் காதலுக்கும் இது பொருந்தும் என்று சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் 1987இல் எழுதினார்கள். உங்கள் தோழியர் இந்த இரண்டு பணிகளையும் பிரித்து, இரண்டு வெவ்வேறு ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருவனைத் தேர்ந்தெடு என்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் மனித மனத்துக்கு இல்லை. புரூக் ஃபீனி என்ற ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேவைப்படும்போது சாய்ந்துகொள்ளத் துணை இடம் கொடுத்தவர்கள், காலப்போக்கில் அதிகம் சார்ந்திருப்பவர்களாக ஆகிவிடவில்லை, மாறாக, தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ளும் திறம் அவர்களிடம் கூடுதலாகவே காணப்பட்டது.

வாள் கொடுக்கும் நாயகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வழக்கில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' நாவல் வரிசையை (முதல் நூல் 2015) நீங்களும் வாசித்திருப்பீர்கள். வாசிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நாயகியின் முதல் காதலன் டாம்லின், அவளைக் காப்பதாகச் சொல்லி மாளிகைக்குள் அடைத்து வைக்கிறான். பின்னால் அவள் காதலனாகும் ரீசாண்டோ அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து, தன் ஆற்றலைத் தானே ஆளப் பழக்குகிறான். தோழியரின் தீர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. ஆனால் 2021இல் வந்த நூலில், அதே ரீசாண்ட், அவளுடைய கருவே அவள் உயிருக்கு ஆபத்தாகக்கூடும் என்ற செய்தியை அவளிடமே மறைக்கிறான். அவள் மனம் நோகக் கூடாது என்ற அன்பினால்தான்! ஆகவே நாயகன் முன்னால் நிற்கிறானா, பின்னால் நிற்கிறானா என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். உண்மை அவளிடம் சொல்லப்படுகிறதா, கடைசி முடிவு அவளுடையதா என்று மட்டுமே பார்க்கிறேன். உண்மையைச் சொல்லி, முடிவையும் அவளிடமே விட்டுவிட்டு, அதன்பின் ஒருவன் குறுக்கே பாய்ந்து அம்பை வாங்கினால், அதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது?

வாசிப்பில் இன்னொரு சலுகையும் உண்டு. கதையில் வரும் முரட்டுக் காவலன் கடைசிவரை கெட்டவனாக மாட்டான் என்ற உறுதி நமக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. அவன் மனத்தில் ஓடுவது நமக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். வாழ்க்கையில் இந்த மூன்றுமே இல்லை. கைபேசியைச் சோதிப்பவனையும், சம்பளத்துக்குக் கணக்குக் கேட்பவனையும், தோழியரைப் பார்க்கவிடாதவனையும் "கதையில் வருவதுபோல் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான்" என்று யாராவது சொன்னால் நான் உடனே தடுத்து நிறுத்துவேன். நீங்கள் அந்த நிலையில் இல்லை. காதல் நாவல் வாசிக்கும் பெண்களை நேரில் சந்தித்து 1984இல் நூல் எழுதிய ஜானிஸ் ராட்வே, வீட்டில் எல்லோரையும் பேணும் பெண்கள் தங்களைப் பேண ஆளில்லாத குறையை அந்தப் பக்கங்களில் ஆற்றிக்கொண்டார்கள் என்று கண்டார். காத்திருப்பு அறையில் நீங்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

இனி உங்கள் கணவர். அவர் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. தடுக்கப்பட்டு வளர்ந்த பெண்ணை மணந்தவர், உதவி என்று ஒரு விரலை நீட்டினாலும் அது மாமனாரின் கை போலத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கியிருக்கலாம். அல்லது, மருத்துவமனை என்றாலே அவருக்குப் பயமாக இருந்து, அதை உங்கள் தைரியத்தின்மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எதுவாயினும், "உன்னால் முடியும்" என்ற சொல் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லும்போதுதான் ஊக்கம். வாசலைத் தாண்டிப் போகிறபோது சொன்னால் அது தனிமையாகத்தான் காதில் விழும். அதைக் குறையாக உணர்ந்தது நன்றிகெட்டதனம் அல்ல. ஆனால் அன்று நீங்கள் "கூட வாருங்கள்" என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டால் பலவீனம் என்று, பல ஆண்டுகளுக்கு முன் தந்தையோடு போராடிய அந்தப் பெண் உங்களுக்குள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

தோழியரிடம் தலையாட்டியதைப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம். அடுத்த முறை, பனிப்புயல் அத்தியாயம் ஏன் பிடித்தது என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

மறுபரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இருவருக்கும் களைப்பில்லாத ஒரு மாலையில், சென்ற முறை காத்திருப்பு அறையில் நடந்ததைக் கோபமில்லாமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டியது என்ன என்பதையும் தெளிவாகவே சொல்லிவிடுங்கள்: மருத்துவரிடம் பேசப்போவதும், எதற்குச் சம்மதிப்பது என்று முடிவு செய்யப்போவதும் நீங்கள், அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியது அவர்.

அன்புடன்,
ஆலோசகர்