கரைத்த வளர்ச்சி ஹார்மோன் குப்பிகள்: எத்தனை வாங்குவது, எப்படி வைத்திருப்பது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எட்டு வயது மகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. எடை 20 கிலோ. மருத்துவர் நாள்தோறும் 0.6 மில்லிகிராம் சோமட்ரோபின் (மருந்தாகத் தயாரிக்கப்படும் வளர்ச்சி ஹார்மோன்) எழுதியிருக்கிறார். கடையில் கிடைப்பது 5 மில்லிகிராம் தூள் உள்ள குப்பி. கரைத்தபின் 14 நாள்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்கிறது. ஆண்டுக்கு எத்தனை குப்பிகள் வேண்டும், எப்படிப் பாதுகாப்பது, கோடை விடுமுறையில் 45 நாள் சொந்த ஊரில் இருக்கும்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. தூத்துக்குடியில் வசிக்கும் ஒரு தாய். என் மகனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக இதே மருந்தை நானே கரைத்து, நானே ஊசி போட்டு வருகிறேன். மருந்தின் அளவைப் பற்றிய முடிவு முழுவதும் உங்கள் மருத்துவருடையது. அந்த அளவை வீணாக்காமலும் கெடவிடாமலும் குழந்தையின் உடலுக்குக் கொண்டுசேர்ப்பது நம்முடைய வேலை என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நாளுக்கு 0.6 வீதம் ஆண்டுக்கு 219 மில்லிகிராம், அதை 5 ஆல் வகுத்தால் 44 குப்பிகள் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்தக் கணக்கு தவறானது. ஒரு குப்பியிலிருந்து எட்டு முழு ஊசிகள்தான் எடுக்க முடியும். எட்டு முறைக்கு 4.8 மில்லிகிராம் போக, மிஞ்சும் 0.2 ஒரு ஊசிக்குப் போதாது. பழைய குப்பியில் மிஞ்சியதையும் புதிய குப்பியிலிருந்து கொஞ்சத்தையும் ஒரே சிரிஞ்சில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால் பழைய குப்பியில் நுழைந்திருக்கக்கூடிய கிருமியைப் புதிய குப்பிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம் என்று எங்கள் செவிலியர் முதல் நாளே தடுத்துவிட்டார். ஆகவே 365 நாளை எட்டால் வகுக்க வேண்டும். 46 குப்பிகள் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தை வளர வளர மருந்தின் அளவும் கூடும். உங்கள் மகள் 22 கிலோ ஆகி, அளவு 0.66 ஆனால், ஒரு குப்பியில் ஏழு ஊசிகள்தான் கிடைக்கும். ஆண்டுத் தேவை 53 குப்பிகளாகிவிடும். அளவு கூடியது பத்து விழுக்காடு, செலவு கூடியதோ ஏறத்தாழ பதினைந்து விழுக்காடு. இதனால்தான் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் குப்பிக்கு எத்தனை ஊசி வருகிறது என்று நான் மருத்துவரிடமே கணக்கிட்டுக் காட்டுகிறேன். 0.625 என்றால் எட்டு ஊசியில் குப்பி மிச்சமின்றித் தீரும், 0.7 என்றால் ஏழு ஊசியில் ஏறத்தாழத் தீரும். இவ்வளவு சிறிய மாற்றம் சரிதானா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டால் பெரும்பாலும் பரிசீலிக்கிறார்கள், கேட்காவிட்டால் அவர்களுக்கு நம் குப்பிக் கணக்கு தெரிய வாய்ப்பில்லை.

10 மில்லிகிராம் குப்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் 14 நாள் எல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். 14 நாளில் நீங்கள் பயன்படுத்துவது 8.4 மில்லிகிராம், மீதி 1.6 குப்பைக்குத்தான் போகும். வாரத்துக்கு ஆறு நாள் மட்டும் ஊசி என்று எழுதப்பட்ட குழந்தைகளுக்கு வீண் இன்னும் அதிகம், ஏனென்றால் ஊசி போடாத நாளும் அந்த 14 நாளில் ஒரு நாளாகக் கழிந்துவிடுகிறது. தூளில் தண்ணீர் பட்ட அந்த நிமிடத்திலிருந்து நாள் ஓடத் தொடங்குகிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தாமாகவே வந்துவிடும்: கையிருப்பு எப்போதும் தூளாகவே இருக்க வேண்டும்; கரைத்த குப்பி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்; முந்தைய குப்பி தீர்ந்த பிறகு, ஊசி போடும் நேரத்தில்தான் அடுத்ததைக் கரைக்க வேண்டும்.

இந்த நாள் எல்லை ஏன் என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. உறையவைத்து உலர்த்திய தூளாக இருக்கும்வரை அது ஆண்டுக்கணக்கில் தாங்கும். நீரில் கரைந்ததும் சங்கிலியின் சில கண்ணிகள் மெல்ல மாறத் தொடங்குகின்றன. மெத்தியோனின் என்ற கண்ணி ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது, அஸ்பராஜின் என்ற கண்ணி வேறொரு அமிலமாகிறது, சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெப்பமும் குலுக்கலும் இவற்றை விரைவுபடுத்தும். இது ஒரு பக்கம். மறுபக்கம், ஒவ்வொரு நாளும் ரப்பர் மூடியை ஊசியால் துளைக்கிறோம். ஒவ்வொரு துளைப்பும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. கரைக்கும் நீரில் சேர்த்திருக்கும் பென்சைல் ஆல்கஹாலோ மெட்டாகிரெசாலோ கிருமி பெருகாமல் தடுக்கும். ஆனால் குறிப்பிட்ட நாள்வரைதான் அதை நம்பலாம். இந்த இரண்டையும் சோதித்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு தயாரிப்புக்கும் 14, 21 அல்லது 28 நாள் என்று எல்லை வகுக்கிறார்கள். ஆகவே ஒரு தயாரிப்பின் எல்லையை மற்றொன்றுக்குப் பொருத்தக்கூடாது. பெட்டியோடு வரும் நீர் உடைந்துவிட்டது என்பதற்காகக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெரைல் வாட்டரில் கரைத்தால், அதில் கிருமித்தடுப்பு எதுவும் இல்லாததால் 14 நாள் என்பதே செல்லாது. அப்படிக் கரைத்ததை ஒரே ஒரு ஊசிக்குப் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டியிருக்கும். பச்சிளங் குழந்தைகளுக்குப் பென்சைல் ஆல்கஹால் ஆகாது என்பதையும் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கரைக்கும்போது நீரைத் தூளின் மேல் பீய்ச்சாமல் கண்ணாடிச் சுவர் வழியாக மெல்ல வழியவிடுங்கள். பின்பு குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள், குலுக்கவே கூடாது. கலங்கலாகவோ துகளோடோ இருந்தால் ஊசி போடாதீர்கள். கரைத்த தேதி, நேரம், கொட்ட வேண்டிய தேதி ஆகியவற்றை அழியாத மையால் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். கரைத்த நாளை முதல் நாளாக எண்ணினால் ஒரு நாள் முன்னதாகவே முடியும். நான் அப்படித்தான் எண்ணுகிறேன்.

சிரிஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை பிழைகள் அதிகம் நேர்வது இங்கேதான். அலகு என்ற சொல் இதில் மூன்று பொருளில் வருகிறது. சோமட்ரோபின் 1 மில்லிகிராம் என்பது ஹார்மோன் கணக்கில் 3 அலகு. உங்கள் 5 மில்லிகிராம் குப்பியில் 15 அலகு என்று எழுதியிருக்கலாம். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகள் காட்டுவதும் அலகுதான். ஆனால் அவை இன்சுலினின் அலகு. அதிலும் இரண்டு வகை: ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சில் 100 அலகு சேர்ந்து ஒரு மில்லிலிட்டர், சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சில் 40 அலகே ஒரு மில்லிலிட்டர். நம் நாட்டுக் கடைகளில் இரண்டுமே கிடைக்கின்றன. 5 மில்லிகிராமை 2 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால், 0.6 மில்லிகிராம் என்பது 0.24 மில்லிலிட்டர், அதாவது யு-100 சிரிஞ்சில் 24 அலகு. கடைக்காரர் யு-40 சிரிஞ்சைத் தந்து, நீங்கள் பழக்கத்தில் அதே 24 அலகு எடுத்தால், குழந்தைக்குப் போவது 1.5 மில்லிகிராம், இரண்டரை மடங்கு. ஆகவே ஒரே வகை சிரிஞ்சை மொத்தமாக வாங்கிவைத்து, எத்தனை மில்லிலிட்டர் என்பதையே நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

என் முதல் மாத அனுபவம் ஒன்று. எட்டு ஊசி வர வேண்டிய குப்பி ஆறாவது ஊசியோடு தீர்ந்துவிட்டது. மருந்தில்தான் குறை என்று நான் உறுதியாக நம்பினேன். மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று காட்டியபோதுதான் தெரிந்தது, நான் பயன்படுத்தியது ஊசி தனியாகக் கழன்று வரும் சிரிஞ்ச். ஊசியின் அடிப்பகுதியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மருந்து தங்கிவிடுகிறது. 0.05 மில்லிலிட்டர் தங்கினால்கூட எட்டு முறைக்கு 0.4 மில்லிலிட்டர், அதாவது 5 மில்லிகிராமில் ஒரு மில்லிகிராம் வீண். ஊசி ஒட்டியே வரும் சிரிஞ்சுக்கு மாறிய நாளிலிருந்து எட்டு ஊசியும் சரியாக வருகிறது.

இனி குளிர்ச்சி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெப்பத்துக்கு அஞ்சும் நாம் உறைவதற்கு அஞ்சுவதில்லை. எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜில் மேலே ஃப்ரீசர், அதன் அடியில் சில்லென்ற தட்டு. மீன் வாங்கிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் ஒதுக்குவதற்காக அத்தை குப்பியை நல்லெண்ணத்தோடு அந்தத் தட்டின் பின்சுவரை ஒட்டி நகர்த்தி வைத்துவிட்டார். மாலையில் பார்த்தபோது உறைந்திருந்தது. வெளியே எடுத்துவைத்ததும் உருகி, கண்ணாடி போலத் தெளிவாக, எந்த மாற்றமும் தெரியாமல் நின்றது. தெளிவாக இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியிருந்தால் எந்த அளவு மருந்து உயிரோடு இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது; கொட்டிவிட்டேன். இப்போது நடுத்தட்டில், சுவரைத் தொடாமல், ஒரு மூடிய டப்பாவுக்குள் வைக்கிறேன், கதவில் வைப்பதில்லை. கூடவே, அன்றைய மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலையைப் பதிந்துகொள்ளும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றையும் வைத்திருக்கிறேன். ஒரு குப்பியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதில்லை.

கையிருப்பு எவ்வளவு? எங்கள் கடைக்கு மருந்து மதுரையிலிருந்து வர வழக்கமாக நான்கைந்து நாள் ஆகும். பொங்கல், தீபாவளி, பெருமழை என்றால் இரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரத்துக்கு இரண்டு குப்பி, கை தவறி உடைவதற்கு ஒன்று என்று, மூன்று தூள் குப்பிகள் மிஞ்சும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். அதிகமாக ஏழு அல்லது எட்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் அளவை மாற்றுவார், சில நேரம் தயாரிப்பையே மாற்றுவார். ஃபிரிட்ஜ் பழுதானால் எல்லாம் ஒன்றாகப் போகும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, முன்னால் காலாவதியாவதை முன்னால் எடுங்கள். இரவில் கடையை மூடும்போது மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிடும் வழக்கம் உண்டா என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தார். அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. முதல் நாள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஃபிளாஸ்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு பனிக்கட்டியே கிடைக்கவில்லை. கைப்பேசி இணைப்பு வந்ததும் மருத்துவரிடம் கேட்டேன். கரைத்ததைக் கொட்டிவிடுங்கள், சில நாள் ஊசி தவறினால் உங்கள் மகனுக்கு ஆபத்தில்லை, தவறியதற்கு ஈடாக இரட்டை அளவு போட வேண்டாம் என்றார். இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையும் குழந்தைகளுக்கு இந்த விடை பொருந்தாது. உங்கள் மகளுக்கு என்ன என்பதை மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தூள் குப்பிகளை எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். தாளில் இல்லையென்றால் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேட்ச் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

மருத்துவரின் சீட்டு இல்லாமல் இணையத்தில் வாங்கிய பெப்டைடு (சிறு புரதச் சங்கிலி) குப்பிகளைப் பற்றியும் சிலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமியற்றதா என்பதே உறுதியில்லாதபோது எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் பொறுப்போடு சொல்ல முடியாது.

கடைசியாக உங்கள் 45 நாள் பயணம். எட்டு நாளுக்கு ஒன்று வீதம் ஆறு குப்பிகள், கூடுதலாக ஒன்று, ஆக ஏழு. புறப்படும் நாளில் கையிலுள்ள குப்பி தீரும்படி இரண்டு வாரம் முன்பே நாளை எண்ணிக்கொள்ளுங்கள். கரைத்த குப்பி வண்டியின் குலுக்கலில் பயணம் செய்ய வேண்டியதில்லை. தூள் குப்பிகளை ஐஸ் ஜெல் பையோடு எடுத்துச்செல்லுங்கள்; ஆனால் இடையில் ஒரு தடித்த துண்டு இருக்கட்டும், நேராகத் தொட்டால் கரைக்கும் நீர் உறைந்து உடையலாம். போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டு ஃபிரிட்ஜில் முதலில் வெப்பமானியை மட்டும் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதுவரை மருந்து குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த ஃபிரிட்ஜ் நம்பத்தக்கதாக இல்லையென்றால் ஏழு குப்பிகளையும் அங்கே வைக்காதீர்கள். பக்கத்து நகரத்தில் இதே மருந்து வைத்திருக்கும் கடை ஒன்றை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டறிந்து, மருத்துவரின் சீட்டுடன் இரண்டிரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.