பெரிய நாய் ஆட்களைக் கண்டால் பாயுது: கேள்வியும் பதிலும்

திருகோணமலையில பதினெட்டு வருசமா நாய் பழக்கிறன். தெரியாத ஆட்கள் மேல பாயிற பெரிய நாய்களைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொல்லியிருந்தன். வந்த வரிசையில பதில் சொல்றன்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, எங்கட அல்சேஷனுக்கு இரண்டு வயசு, 38 கிலோ. வீட்டுக்குள்ள குழந்தை மாதிரி. றோட்டில தெரியாத ஆளைக் கண்டாப் பாயுது. மனிசி இரண்டு தரம் விழுந்திட்டா. சிலர் சொக் செயின் (இழுத்தாக் கழுத்தை இறுக்கிற சங்கிலி) போடச் சொல்லினம், சிலர் தீனி குடுத்துப் பழக்கச் சொல்லினம். எது சரி?

பதில்: தீனி. ஆனா எப்பிடிக் குடுக்கிறது எண்டதிலதான் எல்லாம் இருக்கு.

வீட்டில சாதுவா இருந்து றோட்டில பாயிற நாய் பெரும்பாலும் பயத்திலதான் பாயுது. பாய்ஞ்ச உடன ஆள் விலகிப் போறார். நாய்க்கு அது வெற்றி. ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்தை நீங்களே திருப்பித் திருப்பிப் படிப்பிக்கிறீங்கள்.

உங்கட நாய் ஆளைப் பார்த்தும் தீனி வாங்கித் தின்னுற தூரம் எவ்வளவு எண்டு முதல்ல கண்டுபிடியுங்கோ. 30 மீட்டரா இருக்கலாம், 60ஆவும் இருக்கலாம். விடிய வெள்ளன கடற்கரைக்குக் கொண்டு போங்கோ. கரைவலை இழுக்கிற ஆட்கள் தூரத்தில, ஓரிடத்தில நிப்பினம். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆள் கண்ணில பட்ட பிறகு அவிச்ச கோழி ஈரல் ஒரு துண்டு. ஆள் மறைஞ்சா ஈரலும் நிக்கவேணும். ஆள் முந்தி, தீனி பிந்தி. மாறிச் செய்தா, ஈரலைக் காட்டினாலே ஆள் வரப்போகுது எண்டு நாய் பயப்பிடும். உப்பு, வெங்காயம் போட்ட கறி வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

நாய் வாயை மூடி, காதை முன்னுக்குத் தள்ளி, உடம்பு விறைச்சா, குரைக்க முந்தியே திரும்பி நடவுங்கோ. தீனியை மறுத்தா நீங்கள் கிட்டப் போயிட்டீங்கள் எண்டு அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போதும். ஆனா மாசக்கணக்கா எடுக்கும்.

நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பில மாட்டுற பட்டி) போட்டா, இழுக்கேக்க நாய் பக்கவாட்டில திரும்பும், மனிசியும் விழமாட்டா. கயிறு இரண்டு மீட்டர். கையில சுத்த வேண்டாம்.

சொக் செயினைப் பற்றி: என்ர முதல் நாய்க்கு நானும் அதைத்தான் போட்டன். பழக்கினவர் சொன்னபடி, உறுமினா ஒரு வெட்டு இழுப்பு. மூண்டு மாசத்தில உறுமல் நிண்டுது. நாலாம் மாசம் தபால்காரரின்ர கையை ஒரு சத்தமும் போடாமக் கடிச்சான். உறுமல்தான் அவன் எனக்குத் தந்த எச்சரிக்கை. அதை நான்தான் பிடுங்கினன். ஆள் வந்தாக் கழுத்து நோகும் எண்டும் அவன் படிச்சிட்டான், பயம் அப்பிடியே உள்ளுக்க இருந்தது. உறுமலை அடக்காதேங்கோ.

கிண்ணியாவிலிருந்து: ஐஞ்சு மாச ரொட்வைலர். இப்பவே சொக் செயின் போட்டாப் பிறகு பாயாதோ?

பதில்: வேண்டாம். குட்டி புது ஆட்களை இலேசா ஏற்கிற காலம் மூண்டு கிழமையிலிருந்து பதினாலு கிழமை வரைக்கும்தான். அந்தக் காலம் போயிட்டுது, எண்டாலும் பிந்தேல்லை. மேல எழுதின மாதிரியே தொடங்குங்கோ.

கோட்டை வாசல் பக்கமிருந்து: எங்கட நாய்க்கு ஆட்கள் பிரச்சினை இல்லை, மானைக் கண்டாத்தான் பாயுது.

பதில்: இது எங்கட ஊருக்கே உரிய கேள்வி. இது பயமில்லை, வேட்டை. துரத்துறதே அதுக்குச் சன்மானம், உங்கட ஈரல் அதோட போட்டி போடேலாது. எங்கட புள்ளிமான்கள் கடை வாசலிலயும் நிண்டு பழகினதால கிட்டப் போகும் வரை அசையாது. பிறகு ஒரே பாய்ச்சலில றோட்டுக்குக் குதிக்கும், மோட்டார் சைக்கிளில வாறவர் அதில மோதுவார். கயிறில்லாம வெளிய விடவே வேண்டாம். மான் மேயாத தெருவையும் நேரத்தையும் பாருங்கோ. இழுத்து விளையாடத் தடிச்ச கயிற்றுத் துண்டு ஒண்டு கொண்டு போங்கோ. பல்லுக்கு வேலை குடுத்தா இப்பிடியான நாய்கள் தீனியை விட நல்லாத் திரும்பும்.

உவர்மலையிலிருந்து ஒரு ஐயா: பிள்ளை, நாய் ஓநாய் வழி வந்தது. கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேணும். பாய்ஞ்சா மல்லாக்கப் போட்டு அமத்தினா யார் பெரிசு எண்டு விளங்கும்.

பதில்: ஐயா, அந்தக் கதை வந்த வழி இது. 1947இல ருடோல்ஃப் ஷெங்கல் எண்ட விலங்கு ஆய்வாளர் கூட்டில அடைச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினார். தப்பிப் போக வழியில்லாத இடத்தில அதுகள் சண்டை பிடிச்சுது. 1970இல டேவிட் மீச் எண்ட ஓநாய் ஆய்வாளர் தன்ர புத்தகத்தில அந்தத் தலைவன் கதையைப் பரப்பினார். பிறகு அவரே காட்டு ஓநாய்களைக் கனடாவின்ர வடக்கில பல வருசம் கிட்ட இருந்து பார்த்தார். 1999இல தானே திருத்தி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் எண்டது தாய், தகப்பன், பிள்ளைகள். அடிச்சுப் பிடிச்ச பதவி இல்லை. பயந்த 38 கிலோ நாயை மல்லாக்கப் போடுறவரின்ர முகம் பல்லுக்கு நேர இருக்கும் ஐயா.

அதே ஐயா: புத்தகம் கிடக்கட்டும். வேலை செய்யிற நாயளை அடிச்சுத்தானே பழக்கிறது?

பதில்: வடக்கில கண்ணிவெடி தேடின நாய்களை யோசியுங்கோ. அப்பிடியான நாய்கள் வெடியின்ர மணத்தைக் கண்டாக் குந்தும், பந்தோ தீனியோ கிடைக்கும். அதை நம்பித்தான் மனிசர் அந்த நிலத்தில கால் வைக்கினம். பயந்து வேலை செய்யிற நாயை நம்பி நீங்கள் கால் வைப்பீங்களோ?

சீனக்குடாவிலிருந்து: ஐயா சொல்றதுதான் சரி. என்ர டோபர்மன் இரண்டு அடியில அடங்கிட்டுது.

பதில்: உறுமலும் நிண்டுதோ? நிண்டிருந்தா இண்டைக்கே கூடை மாதிரி முகமூடி வாங்குங்கோ. வாய் திறந்து இளைக்கக்கூடியதா இருக்கவேணும். துணியால வாயைக் கட்டினா எங்கட வெயிலுக்கு நாய் செத்துப்போகும். நாய் சூட்டைத் தணிக்கிறது இளைச்சுத்தான்.

பாலையூற்றிலிருந்து: எந்தக் கொலர் நல்லது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கோ.

நிலாவெளியிலிருந்து: கரண்ட் அடிக்கிற கொலர் எப்பிடி?

பதில்: வேண்டாம். சொக் செயினுக்குச் சொன்ன காரணமேதான். வேல்ஸ் நாட்டில 2010இலயே தடை செய்திட்டினம்.

மூதூரிலிருந்து: சொக் செயினை மெல்லமா இழுத்தா?

பதில்: இதைக் கேட்ட மூண்டாவது ஆள் நீங்கள். நோகாட்டி அது வேலை செய்யாது, நொந்தா நான் சொன்னதுதான் நடக்கும். உறுமலை அடக்காதேங்கோ.

சாம்பல்தீவிலிருந்து: ஒன்பது வயசு நாய், இதுவரை சாது. போன கிழமையிலிருந்துதான் பாயுது.

பதில்: பழக்கிற வேலை இல்லை இது. மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. நோவாவோ கண் மங்கலாவோ இருக்கும்.

பெயர் சொல்லாத ஒருவர்: நேற்று அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிச்சிட்டுது. தோல் கொஞ்சம் கிழிஞ்சது. மஞ்சள் பூசினம்.

பதில்: மஞ்சளைக் கழுவுங்கோ. ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுப் பதினைஞ்சு நிமிசம். பிறகு உடன ஆஸ்பத்திரி. விசர்நாய்க்கடி நோய் வெளிய தெரிஞ்ச பிறகு காப்பாத்துறது அநேகமா ஏலாது. நாயின்ர ஊசி அட்டையையும் கொண்டு போங்கோ. மற்றக் கேள்வியளைப் பிறகு பார்ப்பம், நீங்கள் இப்ப போங்கோ.

உப்புவெளியிலிருந்து மறுபடியும்: அக்கா, இண்டைக்கு விடிய 50 மீட்டரில நிண்டு ஏழு துண்டு ஈரல் திண்டான். ஒருக்காலும் குரைக்கேல்லை. நாளைக்கு 30க்குப் போகலாமோ?

பதில்: ஏழு துண்டோ! மனிசிக்கும் சொல்லுங்கோ. நாளைக்கும் 50. இந்தக் கிழமை முழுக்க 50.