கண்வலிக்கிழங்கும் ஆக்ஸ்போர்டு ஆய்வும்

கேள்வி: அதிமதுரம், நிலவேம்பு, மஞ்சள் எல்லாம் கொரோனா வைரஸை அழிப்பதாக ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்துவிட்டன. மருந்துக் கம்பெனிகளுக்கு நஷ்டம் என்றுதானே மூடி மறைக்கிறார்கள்? உங்கள் பத்திரிகையும் அதற்கு உடந்தையா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கட்டுரைகள் வந்தது உண்மை. மறைத்தார்கள் என்பதுதான் இடிக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் பற்றி 2003-லேயே, கொரோனா குடும்பத்து வைரஸால் வரும் சார்ஸ் நோய் பரவியபோது, ஃபிராங்க்ஃபர்ட் விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். வெளியிட்டது 'லான்செட்'. உலகத்து டாக்டர்களெல்லாம் படிக்கிற இதழில் அச்சடித்து மறைக்கிற சதியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அந்தச் சோதனை நடந்தது ஆய்வகத்தில் வளர்த்த குரங்குச் சிறுநீரக செல்களில். லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சேர்த்ததும் வைரஸ் பெருகுவது குறைந்தது. மனிதர் அதிமதுரத்தை அளவு மீறிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். செல்லுக்கு அந்தக் கவலை இல்லை. மஞ்சளின் குர்குமினோ, குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே சொற்பம். நீங்கள் படித்த கட்டுரைகளில் பல, செல் வரைக்கும்கூடப் போயிருக்காது. கம்ப்யூட்டரில் மூலக்கூறை வைரஸ் புரதத்தோடு பொருத்திப் பார்த்ததோடு சரி.

குரங்கு செல்லில் ஜெயித்த மலேரியா மருந்து குளோரோகுயின், மனித நுரையீரல் செல்லில் பலிக்கவில்லை. அதன் தம்பி ஹைட்ராக்சிகுளோரோகுயினை, கொரோனா நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதிக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய 'ரெகவரி' ஆய்வு 2020 ஜூனில் பயனில்லை என்று நிறுத்தியது. அது கம்பெனி மாத்திரைதான் ஐயா!

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கே வருகிறேன். அங்கே பந்தல் கட்டி வளர்க்கிறார்களே கண்வலிக்கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தள், அதன் விதையிலிருந்துதான் கால்ச்சிசின் எடுக்கிறார்கள். கவுட் எனும் மூட்டுவலிக்குப் பழைய மருந்து. (பச்சையாகத் தின்றால் உயிரைக் குடிக்கும் விஷம், கஷாய ஆர்வலர்கள் கவனிக்கவும்.) இதையும் 'ரெகவரி'யில் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு கால்ச்சிசின், மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் இறந்தவர்கள் இரு பக்கமும் 21 சதவீதம். 2021 மார்ச்சில் அந்தச் சோதனையும் நின்றது.

நிலவேம்பு சேர்ந்த கபசுரக் குடிநீரை 2020-ல் நம் அரசே விநியோகித்தது. குடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். குடிக்காதவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்; அவ்வளவு பெரிதாக யாரும் பார்க்கவில்லை. தாய்லாந்தில் நிலவேம்புக்கு ஆதரவாக 2021-ல் வந்த ஓர் ஆய்வறிக்கையைப் புள்ளிவிவரப் பிழை என்று பின்னர் திரும்பப் பெற்றார்கள்.

தேறிய தாவரமும் உண்டு. சிலி நாட்டு குயில்லாயா மரப்பட்டையின் சபோனின், நோவாவேக்ஸ் கொரோனா தடுப்பூசியில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருள். புனேயின் சீரம் நிறுவனம் அந்தத் தடுப்பூசியையே 'கோவோவேக்ஸ்' என்று தயாரித்து விற்றது. மரப்பட்டையில் காசு பார்க்கத் தெரிந்தவன், உங்கள் அதிமதுரத்தில் காசு இருந்தால் விட்டுவைத்திருப்பானா?