38 வயதில் பரதம் கற்க விரும்பும் நண்பருக்கு

வணக்கம். வங்கி வேலையில் இருந்துகொண்டே பரதநாட்டியம் கற்க விரும்புவதாகவும், "இந்த வயசுல ஆம்பளைக்கு எதுக்குச் சலங்கை?" என்று வீட்டார் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கேள்விக்கு வரலாறு இடம் தரவில்லை. பரதத்தின் கச்சேரி முறையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் தொடங்கி, அடவு என்னும் அடிப்படை அசைவுகளைச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களில் (நடன ஆசிரியர்களில்) பெரும்பாலோர் ஆண்களே. வழக்கறிஞரான ஈ. கிருஷ்ண ஐயர், பரதத்தின் முந்தைய வடிவமான சதிர் இழிவாகப் பேசப்பட்ட காலத்தில், தாமே பெண் வேடமிட்டு மேடையில் ஆடிக் காட்டினார். மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். (அவர் கடந்து வந்த தடைகளைக் காட்டி உங்கள் தயக்கத்தைச் சிறிதாக்குவது என் நோக்கமன்று.)

நானும் 35 வயதில், பத்து வயதுச் சிறுமியருக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்றவன். முதல் வாரம், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் தொடை நடுங்கியது. மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்கினேன். ஆசிரியரோ தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்தாமல் 'தையா தை' என்று மீண்டும் தொடங்கினார். வெட்கம் மூன்றாம் வாரத்தில் போயிற்று; முழங்கால் வலி போகவில்லை. ஆகவே, முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு, பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் ஆறு மாதம் முதல் பாடமான தட்டடவு பழகுங்கள். அதுவரை வீட்டில் அரங்கேற்றப் பேச்சை எடுக்க வேண்டாம்.