கண்ணைச் சுற்றி வெள்ளை முடி: ரோனா, சாம்பலா?

நாலு மாதச் செம்பழுப்புக் குதிரைக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி வருகிறது, தாய் சாம்பல், இது ரோனா (அடர்நிற உடம்பில் வெள்ளை முடி கலந்த நிறமா) என்று கேட்டிருந்தீர்கள். சாம்பல்தான் என்பேன். தாய் சாம்பல் என்றாலே குட்டிக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு. ரோனுக்கு உடம்பில்தான் வெள்ளை முடி கலந்திருக்கும். தலையும் கால்களின் கீழ்ப்பகுதியும் அடர்நிறமாகவே நிற்கும். உங்கள் குட்டிக்கோ முகத்தில் தொடங்கியிருக்கிறது, மூக்குக்கண்ணாடி மாட்டிய மாதிரி.

நல்ல வெளிச்சத்தில் இமையோர முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். குட்டிமுடி உதிர்ந்ததும் இன்னும் தெளிவாகும். ரோன் வயதோடு வெளுக்காது. சாம்பல் ஆண்டுக்காண்டு வெளுக்கும், அடியில் தோல் மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

அப்புறம், சாம்பல் குதிரைகளுக்கு வயதானால் வாலடியில் மெலனோமா என்ற தோல் கட்டி வருவது சகஜம். வால் சீவும்போது தடவிப் பார்க்க இப்போதே பழக்கிவிடுங்கள்.